காரணத்தைச் சொல்லுங்கள், ஈட்டிய பணத்தைக் கொடுங்கள்

இணைய விளையாட்டுத் தளத்தை நடத்தும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் தளத்துக்கு ஆட்டம் எழுதித் தந்த என் கணக்கைச் சென்ற வாரம் முடக்கிவிட்டீர்கள். விளம்பரங்களின்மேல் 'முறையற்ற கிளிக்குகள்' விழுந்தன என்பதற்கு மேல் அந்த மின்னஞ்சலில் விளக்கம் எதுவும் இல்லை. முறையீடு செய்தேன். சில நிமிடங்களிலேயே 'முடிவில் மாற்றமில்லை' என்று பதில் வந்துவிட்டது. அதை மனிதர் எவரும் படித்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டு, கிடைக்கும் நேரத்தில் ஆட்டம் எழுதுகிறவர்களுக்குப் பணம் எப்படிச் சேர்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். விளம்பர வருமானத்தில் உங்கள் பங்கு போக மிஞ்சுவது எங்களுக்கு. அதுவும் குறைந்தபட்சத் தொகை சேரும்வரை உங்களிடமே இருக்கும். சிறிய ஆட்டம் அந்த வரம்பைத் தொட மாதக்கணக்கில் ஆகும். நான் அதை நெருங்கியபோதுதான் கணக்கு முடங்கியது. இதுவரை ஒரு காசுகூட என் கைக்கு வரவில்லை.

என் ஆட்டத்தில் விரல் ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேகத்தில் திரை முழுவதும் விளம்பரம் விரிந்தால் அடுத்த தட்டு அதன்மேல்தான் விழும். அதனால்தான் ஆட்டம் முடிந்ததும் சற்று இடைவெளி விட்டு, பொத்தான்களை எல்லாம் மறைத்த பிறகே விளம்பரத்தை அழைக்கும்படி எழுதினேன். விளம்பரம் ஓடும்போது ஒலி அடங்கும். விளம்பரம் கிடைக்காவிட்டால் ஆட்டம் தடையின்றித் தொடரும். நீங்கள் கேட்டவை அனைத்தையும் செய்தேன். ஆனால் மூலையில் கண்ணுக்கே தெரியாத அந்த 'மூடு' குறியை வடிவமைத்தது நான் அல்ல. ஆட்டம் ஓடுவது உங்கள் தளத்தில், விளம்பரம் தருவது நீங்கள், பதிவுகள் இருப்பதும் உங்களிடம். யார் எங்கே தட்டினார் என்று நான் எப்படி அறிவேன்? காரணத்தைச் சொல்லுங்கள் என்று கேட்பது இதனால்தான்.

உலாவியில் ஆட்டங்களை ஓடவைத்த பிளாஷ் மென்பொருளின் காலத்தில், ஆட்டத்தில் தன் சின்னத்தை வைக்க ஒரு தளம் பேசிய தொகையைக் கொடுத்து உரிமம் வாங்கும். கிடைக்கப்போவது எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும். 2020 டிசம்பர் 31உடன் பிளாஷுக்கான ஆதரவு நின்றது. பலர் தங்கள் ஆட்டங்களை கூடுதல் மென்பொருள் இல்லாமல் உலாவியிலேயே ஓடும் எச்டிஎம்எல்5க்கு மாற்றி எழுதினார்கள், முடியாதவர்கள் ஒதுங்கிப்போனார்கள். ஆட்டங்கள் இல்லாமல் உங்கள் தளம் இல்லை. ஆனாலும் ஒப்பந்தத்தை நினைத்தபோது மாற்றும் உரிமை உங்களுக்கு மட்டுமே இருக்கிறது. எங்களுக்குப் பேச ஓர் ஆள்கூடக் கிடையாது.

கணக்கை முடக்கிய பிறகும் என் ஆட்டம் உங்கள் தளத்தில் இருக்கிறது. அதில் விளம்பரமும் வருகிறது. அந்தப் பணம் யாருக்குப் போகிறது?

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருளுங்கள். எந்தக் கிளிக்குகள், எந்த நாளில் என்ற விவரத்தைத் தாருங்கள். அவற்றைக் கழித்துக்கொண்டு, முறையாக ஈட்டிய மீதியைக் கொடுங்கள். பிடித்துவைத்த பணம் விளம்பரதாரருக்கே திரும்பியிருந்தால் அதையாவது எழுத்தில் தெரிவியுங்கள். இரண்டும் முடியாது என்றால் ஆட்டத்தை இன்றே நீக்கிவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தளத்துக்கு ஆட்டம் தந்த ஒருவர்