கரை உடைந்த பிறகு வரும் பணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளம் வந்தால் மாநில அரசு எவ்வளவு கேட்டது, மத்திய அரசு எவ்வளவு கொடுத்தது என்ற கணக்கோடு பேச்சு நின்றுவிடுகிறது. 2023 டிசம்பரில் வந்த இரண்டு வெள்ளங்களுக்கும் தமிழக அரசு கேட்டது ரூ.37,000 கோடிக்கு மேல். 2024 ஏப்ரலில் விடுவிக்கப்பட்டது ரூ.276 கோடி. அந்த இடைவெளியைத் தட்டிக்கேட்பது நியாயம்தான். ஆனால் அடுத்த மழையில் குளக்கரை நிற்குமா, நிற்காதா என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தொகை அல்ல. பராமரிப்புக்கான சிறு தொகை எந்த மாதத்தில் கைக்கு வருகிறது என்பதே அதைத் தீர்மானிக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பெய்தது. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் இவ்வளவு மழை விழுந்தால் 9.5 லட்சம் கனமீட்டர், அதாவது சுமார் 33.5 மில்லியன் கனஅடி நீர். பல சிறு குளங்களின் முழுக் கொள்ளளவே இதைவிடக் குறைவு. அத்தனை நீரையும் தேக்கும்படி எந்தக் குளத்தையும் கட்ட முடியாது. மிஞ்சியதை மறுகால் என்னும் உபரிநீர்ப் போக்கு வழியாகப் பத்திரமாக அடுத்த குளத்துக்கோ ஆற்றுக்கோ அனுப்பிவைப்பதுதான் அந்த நேரத்தில் குளம் செய்ய வேண்டிய வேலை. தாமிரபரணிப் பாசனத்தில் குளங்கள் தொடராக இருக்கின்றன. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் வடகால் (வடக்குப் பாசனக் கால்வாய்) முடிவில் இருக்கும் கோரம்பள்ளம் குளம் உடைந்தபோது தூத்துக்குடிப் பக்கம் வெள்ளம் புகுந்ததைப் பார்த்தோம். மேல்குளம் உடைந்தால், ஒரு நாள் முழுக்க மறுகால் பாய்ந்திருக்க வேண்டிய நீர் ஓரிரு மணி நேரத்தில் கீழ்க்குளத்தில் வந்து மோதும். அதைத் தாங்கும் கலுங்கு, அதாவது குளம் நிரம்பியதும் உபரிநீர் வழிந்தோடக் கட்டிய தாழ்ந்த சுவர், எங்குமே இல்லை.

கலுங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பல உடைப்புகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. 65 அடி நீளமுள்ள கலுங்கின் மேல் 2 அடி உயரத்துக்கு நீர் வழிந்தால் விநாடிக்குச் சுமார் 560 கனஅடி வெளியேறும். அதே கலுங்கை மணல் மூட்டையோ சிமெண்ட் பூச்சோ வைத்து ஒரு அடி உயர்த்திவிட்டால், கரைக்கு ஆபத்தில்லாத அதே நீர்மட்டத்தில் வழியும் உயரம் ஒரு அடிதான். அப்போது வெளியேறுவது சுமார் 200 கனஅடி. உயரம் பாதியானால் வெளியேற்றமும் பாதியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிடுகிறது. மீதி நீர் கரையின் தாழ்ந்த இடத்தைத் தேடிப் போகும். கரைக்கு மேலே நீர் வழியத் தொடங்கினால் வெளிச்சரிவு அடியிலிருந்து அரித்துக்கொண்டு வரும். அதன் பிறகு மனிதரால் செய்யக்கூடியது அதிகம் இல்லை.

விவசாயிகள் கலுங்கை உயர்த்துவது தண்ணீர்த் தட்டுப்பாட்டினால். அதைக் குற்றமாகப் பார்ப்பதில் பயன் இல்லை. பழைய கலுங்குகளின் மேல் வரிசையாக நட்டிருக்கும் கற்களே இதற்காகத்தான்: கனமழை ஓய்ந்த பிறகு கற்களுக்கு இடையே மண்ணும் புல்லும் அடைத்து மட்டத்தை உயர்த்துவார்கள், மீண்டும் பெருமழை வந்தால் அந்த அடைப்பைத் தட்டிவிடலாம். இன்று அந்த இடத்தில் கான்கிரீட் வந்துவிட்டது. அதைத் தட்டிவிட முடியாது. ஒவ்வொரு குளத்திலும் கலுங்கின் அங்கீகரிக்கப்பட்ட மட்டத்தை நிலைக்கல்லில் செதுக்கி, எல்லாரும் பார்க்கும் இடத்தில் நட வேண்டும். மட்டம் மாறினால் யாரும் கேட்க முடியும். இதற்குப் பெரிய செலவு இல்லை.

அடுத்தது மண் வேலை. குளத்துக்குள் ஜேசிபியை இறக்கி, வண்டலை அள்ளிக் கரைமேல் கொட்டி, வாளியால் தட்டிவிட்டால் கரை உயர்ந்ததுபோல் தெரியும். கோடையில் அந்த வண்டல் வெடிக்கும், முதல் மழையில் வெடிப்புக்குள் நீர் இறங்கும், ஐப்பசியில் சரியும். கரைக்குப் போடும் மண்ணில் களி போதுமான அளவு இருக்க வேண்டும். 20 முதல் 25 செ.மீ. கனத்துக்கு மேல் போகாத அடுக்குகளாகப் பரப்பி, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவு ஈரப்படுத்தி, ஒவ்வொரு அடுக்கையும் ரோலரால் அழுத்த வேண்டும். உடைந்த இடத்தை மூடும்போது பழைய கரையின் இரண்டு முனைகளையும் படிப்படியாக வெட்டி, புதிய மண் அதற்குள் கோத்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும். செங்குத்தாக விட்டுவிட்டு மண்ணை நிரப்பினால் அந்த இணைப்பில்தான் மறுவருடம் கசியும். வயலுக்கு நீர் திறந்துவிடக் கரைக்குள் பதித்த மடைக்குழாயைச் சுற்றி ரோலர் போக முடியாது. அங்கே களிமண்ணைக் கையால் திமிசுபோட்டு (இடித்து) இறுக்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை என்பதால் பெரும்பாலும் விடப்படுவது இதுதான். மடையை ஒட்டியே பல கரைகள் உடைவதற்கும் இதுவே காரணம். சீமைக்கருவேலத்தை வெட்டினால் வேரையும் தோண்டி, அந்தக் குழியை மண் போட்டு இறுக்க வேண்டும். அடியோடு அறுத்துவிட்டுப் போனால் வேர் மட்கிய இடம் நீருக்குக் குழாயாகிறது.

இந்த வேலைகளைச் செய்யக் குளம் வறண்டிருக்க வேண்டும். பெரும்பாலான குளங்களில் அதற்கு ஏற்ற காலம் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை. செப்டம்பர் பாதிக்கு மேல் கரையில் புது மண் போடக்கூடாது என்பதை விதியாகவே வைக்க வேண்டும். நிதியின் நாள்காட்டியோ வேறு. ஏப்ரலில் நிதியாண்டு தொடங்கி, துறையின் செலவுக்கான மானியக் கோரிக்கை சட்டமன்றத்தில் நிறைவேறி, மதிப்பீடு போய், நிர்வாக ஒப்புதலும் தொழில்நுட்ப ஒப்புதலும் வாங்கி, டெண்டர் விட்டு, வேலை உத்தரவு வருவதற்குள் பல இடங்களில் செப்டம்பர் ஆகிவிடுகிறது. அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். ஒப்பந்ததாரர் ஈர மண்ணை அவசரமாகப் போடுகிறார். வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தில் வேலை முடிந்ததாகிறது.

இதற்குத் தனிப் புதிய நிதி தேட வேண்டியதில்லை. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு மாநில அளவில் மீட்பு நிதியோடு, பாதிப்பை முன்கூட்டியே குறைக்கும் பணிகளுக்கான தணிப்பு நிதியையும் சேர்த்தே சொல்கிறது. 2021-26 காலத்துக்கு 15-ஆவது நிதிக்குழு மாநிலப் பேரிடர் நிதியை 80 சதவீதம் மீட்பு, 20 சதவீதம் தணிப்பு என்று பிரித்தது. 2023-24-இல் தமிழகத்தின் மீட்பு நிதிக்கு மத்தியப் பங்கு ரூ.900 கோடி, மாநிலப் பங்கு ரூ.300 கோடி. அந்த விகிதப்படி தணிப்புக்கு உரியது ரூ.300 கோடி. பெரிய வெள்ளத் தடுப்புக் கரைகளையும் கடற்சுவர்களையும் இந்த நிதியில் கட்டக்கூடாது, உள்ளூர் அளவிலான பணிகளுக்கே இது என்று நிதிக்குழு தெளிவாகவே சொல்லியிருக்கிறது. கலுங்கைப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவருவது, மறுகால் ஓடையின் அகலத்தை மீட்பது, மடையைச் சுற்றி இறுக்குவது ஆகியவற்றைவிட உள்ளூர்ப் பணி எது? சென்னை வடிநிலத்துக்கு 2023 டிசம்பரில் தேசியத் தணிப்பு நிதியில் ரூ.561.29 கோடித் திட்டம் ஒப்புதல் பெற்றது நல்லதே. அந்தக் கவனம் தூத்துக்குடி, திருநெல்வேலிக் குளங்களுக்கும் வேண்டும்.

மாவட்டம்தோறும் தணிப்பு நிதியில் ஒரு பகுதியைக் குளப் பராமரிப்புக்கு என்று ஒதுக்கி, ஜனவரி முடிவதற்குள் ஒப்புதலையும் மார்ச்சுக்குள் டெண்டரையும் முடித்துவிட்டால், குளம் வற்றும்போது வேலையில் இறங்கலாம். ஒதுக்கீட்டில் ஊராட்சி ஒன்றியக் குளங்களை விட்டுவிடக் கூடாது. ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) 100 ஏக்கருக்குக் குறைந்த குளங்கள் ஒன்றியங்களிடமே இருக்கின்றன. அங்கே பாசனப் பொறியாளர் இல்லை. தொடரின் மேல்முனையில் இருப்பவை பெரும்பாலும் இந்தச் சிறு குளங்கள். ஏரி ஆக்கிரமிப்பை அகற்றும் 2007-ஆம் ஆண்டுச் சட்டமும் பொதுப்பணித்துறைக் கட்டுப்பாட்டில் இருந்த குளங்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. ஒன்றியக் குளங்களையும், குளத்துக்கு வெளியே ஓடும் மறுகால் ஓடையையும் அதன் வரம்புக்குள் கொண்டுவரத் திருத்தம் தேவை.

உடைப்பைத் தற்காலிகமாக அடைத்ததோடு கோப்பு மூடப்படுவது இன்னொரு கேடு. மீட்பு நிதியின் நிவாரணப் பகுதி அவசரச் சீரமைப்புக்கே உரியது. மூட்டையும் சவுக்குக் கழியும் வைத்து அடைத்த பிறகு, நிரந்தர வேலைக்குத் தனி மதிப்பீடு, தனி ஒப்புதல், தனி நிதித் தலைப்பு. இடையில் ஒன்றிரண்டு மழைக்காலம் கடந்துவிடுகிறது. சாக்கு வெயிலில் இற்றுப்போய் மணல் சரிந்து, அதே இடம் மறுபடி உடைகிறது. தற்காலிக அடைப்புக்கு ஒப்புதல் தரும் உத்தரவிலேயே நிரந்தர வேலைக்கான தொகையும் முடிக்க வேண்டிய தேதியும் இருக்க வேண்டும்.

கையிருப்பு பற்றியும் அரசு கவனிக்க வேண்டும். 100 அடி நீளத்துக்கு 3 அடி உயரம் எழுப்ப ஏறத்தாழ 3,000 மூட்டை பிடிக்கும். ஒரு குளத்துக்கு 200 சாக்கு என்று கணக்கு காட்டுவதில் பொருளில்லை. சாக்கில் பாதிக்குச் சற்று மேல் வரைதான் மணல் நிரப்ப வேண்டும். முழுக்க நிரப்பிய மூட்டை உருண்டையாகி இடைவெளி விடும். செங்கல் அடுக்குவதுபோல் இணைப்பு மாற்றி அடுக்கி, நீர்ப் பக்கம் தார்ப்பாய் விரிக்க வேண்டும். கரையின் வெளிப்பக்கம் ஊற்றுபோல் நீர் கிளம்பினால் அதை அடைக்கவே கூடாது. அடைத்தால் வேறிடத்தில் பீறிடும். ஊற்றைச் சுற்றி மூட்டையால் வளையம் கட்டி, உள்ளே நீர்மட்டம் உயர விட வேண்டும். வெளியேறும் நீர் கலங்கலாக இருந்தால் கரையின் மண் போகிறது. வளையத்தை இன்னும் உயர்த்த வேண்டும். தெளிந்து வந்தால் போதும், அப்படியே வடிய விடலாம். இதைச் செப்டம்பரிலேயே ஒவ்வொரு குளத்திலும் வயலுக்கு நீர் பாய்ச்சும் நீர்ப்பாய்ச்சிக்கும், கரையையும் மடையையும் கவனிக்கும் ஊழியரான லஸ்கருக்கும் செய்து காட்டிப் பழக்க வேண்டும். மீட்பு, தணிப்புப் பங்கைப் பிரித்த அதே நிதிக்குழு, மொத்தப் பேரிடர் நிதியில் 10 சதவீதத்தை முன்தயாரிப்புக்கும் பயிற்சிக்கும் என்றே ஒதுக்கியது. சாக்கும் கழியும் வாங்கவும், இந்தப் பயிற்சியை நடத்தவும் ஆட்சியர்கள் அத்தகைய ஒதுக்கீட்டைக் கேட்டுப் பெறலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர்,
தூத்துக்குடி மாவட்டம்