வேளா சுறா அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழின் கடைசிப் பக்கத்தில், 'வலையில் சிக்கியது ஆட்கொல்லி வாள் சுறா. மீனவர்களுக்கு அடித்தது யோகம்' என்று படம் போட்டிருந்தீர்கள். அது வேளா. சுறா அல்ல, திருக்கைச் சாதி. சுறாவுக்குச் செவுள் விலாவில் இருக்கும். வேளாவுக்குத் திருக்கையைப் போலவே அடிப்பக்கத்தில். எங்கள் ஊரில் வலை பிரிக்கும் பையனுக்கும் இது தெரியும்.

'ஆட்கொல்லி' என்ற சொல் நான்கு நாளாக என்னை உறுத்துகிறது. கலங்கல் தண்ணீரில், கழிமுகத்தில், அலையாத்திக் காட்டோரத்தில் தரையோடு தரையாகக் கிடக்கும் மீன் அது. கண்ணுக்குப் பின்னால் உள்ள துளை வழியே நீரை இழுத்து மூச்சுவிடும். ரம்பம் போல் நீண்ட மூக்கைத்தான் கொம்பு என்கிறோம். அது நெடுக, இரையின் உடலில் எழும் மெல்லிய மின்சாரத்தை உணரும் துளைகள். இருட்டிலும் இரை இருக்குமிடம் அறிந்து கொம்பை வீசிச் சிறுமீனை அடிக்கும். மனிதனைத் தேடி அது வருவதில்லை.

நான் கடற்கரையில் பிறந்தவன். 1970களில் அப்பாவின் வலையில் பட்ட தாய் வேளாவின் வயிற்றிலிருந்து குட்டிகளை எடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தாயைக் கிழிக்காதபடி ஒவ்வொன்றின் கொம்புக்கும் மெல்லிய உறை. அன்று அப்பா சாப்பிடவில்லை. சினைச் சுறவின் கொம்பை நட்டு நம் பரதவர் வழிபட்டதைப் பட்டினப்பாலை சொல்வதைத் தாங்கள் அறிவீர்கள். அந்தக் கொம்பு வேளாவினுடையது என்றே அறிஞர் சிலர் கருதுகிறார்கள்.

அதற்குப் பின் உயிருள்ள வேளாவை நான் பார்க்கவில்லை. அந்தக் கொம்பு எந்த வலையிலும் மாட்டிக்கொள்ளும். இழுவை மடி வலை கடல் தரையைச் சுரண்டிக்கொண்டு போனால் அது எங்கே தப்பும்? சில குட்டிகளே ஈனும் மீன், பிடித்த வேகத்துக்கு எப்படிப் பெருகும்? உலகிலேயே வேளாவில் ஐந்து இனங்கள்தான். நம் கடல் வேளாக்களை 2001-லேயே வனவுயிர்ச் சட்டத்தில் மிகுந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். விற்றால் சிறை. அதை 'யோகம்' என்று எழுதினால், படித்துவிட்டு விற்கப் போகிறவனுக்கு யார் பொறுப்பு?

இரண்டு ஆண்டுக்கு முன் அம்மணி உழுவை என்னும் பெருஞ்சுறாவைத் திமிங்கலம் என்று எழுதினீர்கள். கடிதம் போட்டேன், பதிலில்லை. புயல் வந்தால் எங்கள் ஊர், பெரிய மீன் பட்டால் எடையும் விலையும். மற்ற நாளில் எங்களுக்கு உங்கள் பத்திரிகையில் இடமில்லை. முப்பது ஆண்டுச் சந்தாதாரன், வருத்தத்தோடு எழுதுகிறேன்.

அதே பக்கத்தில் நான்கு வரித் திருத்தம் போடுங்கள். பெயர் வேளா, மாட்டினால் வலையை அறுத்து உயிரோடு விட வேண்டும், கொம்பை வெட்டக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
தூத்துக்குடி மாவட்டம்