விக்டோரியா ஹாலில் ஒரு வியாழக்கிழமை

பெருநகர சென்னை மாநகராட்சி மேயர் அவர்களுக்கும் ஆணையர் அவர்களுக்கும்,

வணக்கம். பல்லாண்டு பூட்டிக் கிடந்த விக்டோரியா பப்ளிக் ஹாலை மீட்டெடுத்தீர்கள். அந்தச் செங்கல் சிவப்பைப் பார்த்தால் மனசு நிறைகிறது. இனி உள்ளே என்ன நடக்கும் என்பதுதான் கேள்வி.

வாரம் ஒரு மாலை, வியாழக்கிழமை, அந்த ஹாலை ஆவணப்படங்களுக்கு ஒதுக்குங்கள். வருஷத்துக்கு ஒரு விழா வேண்டாம். குத்துவிளக்கு, சால்வையோடு அது முடிந்துபோகும். ஒரே கிழமை, ஒரே நேரம் என்று வாராவாரம் நடந்தால்தான் பார்க்கிற கூட்டம் சேரும். சனி, ஞாயிறை நல்ல வாடகைக்கு விட்டுக்கொள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை.

ராபர்ட் சிஸ்ஹோம் வடிவமைத்து நம்பெருமாள் செட்டியார் கட்டிய இந்த ஹால் என்றாலே பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகங்களைத்தான் சொல்வார்கள். 1890களின் கடைசியில் சென்னைவாசிகள் சலனப்படம் பார்த்ததும் இங்கேதான். அக்காலத் துண்டுப்படங்களில் கதை ஏது? பெரும்பாலும் ரயில் வரும், அலையடிக்கும், ஆலையை விட்டு ஆட்கள் வெளியே வருவார்கள். கதைப்படமெல்லாம் பிறகு வந்த குடித்தனம், ஆவணப்படம்தான் மூத்தது. ஏ.கே. செட்டியார் நாடு நாடாகப் போய்ப் படச்சுருள் திரட்டி 1940இல் காந்தியைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

இப்போது ஆவணப்படம் பார்ப்பதெல்லாம் புத்தகக் கடை மாடியிலும் சங்க அலுவலகத்திலும்தான். ஃபேனைப் போட்டால் பேச்சு கேட்காது, நிறுத்தினால் உட்கார முடியாது. லேப்டாப்பில் சவுண்டு வரவில்லையென்று அரை மணி போகும். ஆனால் படம் முடிந்தபின் யாரும் கிளம்புவதில்லை. எடுத்தவரை நிற்க வைத்துச் சண்டை போடுவார்கள். மல்டிபிளெக்ஸில் விளக்கு எரிந்ததுமே துடைப்பத்தோடு ஆள் நிற்பார். அந்தச் சண்டைக்கும் சேர்த்துத்தான் ஹால் கேட்கிறோம்.

சிக்கல்கள் தெரியாமல் இல்லை. உயரமான பழைய ஹாலில் எதிரொலிக்கும். சுவரில் ஆணி அடிக்காமல், தனிச் சட்டங்களில் கனத்த திரைச்சீலைகளை நிறுத்தினால் நிறையவே அடங்கும். பெரிய சிக்கல் தணிக்கை. பொதுத் திரையிடலுக்கு 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டப்படி சான்றிதழ் வேண்டும். கைக்காசைப் போட்டுப் படமெடுத்தவருக்கு அந்தச் செலவும் அலைச்சலும் பெரிய பாரம். மாநகராட்சியே முன்னின்று விண்ணப்பித்துக் கொடுத்தால் பாதி வழி கடந்த மாதிரி.

ஆறரைக்கு ஆரம்பித்து ஒன்பதுக்குள் முடித்தால் சென்ட்ரலில் மின்சார ரயில் பிடித்துவிடலாம். கட்டணம் ஐம்பது ரூபாய் வையுங்கள். உங்கள் தூய்மைப் பணியாளர்களுக்கு இலவசம். மலக்குழி மரணங்களைப் பற்றித் தமிழில் படங்கள் உண்டு. அவற்றில் ஒன்றை முதல் வியாழனன்று போடுங்கள். ரிப்பன் மாளிகை அதிகாரிகளுக்குக் கார்கூட வேண்டாம், பக்கத்துக் கட்டடம்தானே.

இப்படிக்கு,
சென்னையின் ஆவணப்படப் பார்வையாளர் ஒருவர்