டேபிள் பட்டியலை நீங்களே போடுங்கள்: மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசு மருத்துவக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் முதலாண்டுக்குப் பாடம் எடுக்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்காக 2020-இல் வந்த சட்டம் அது. கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொண்டது. அதற்கு என் குடும்பமே நன்றிக்கடன் பட்டிருக்கிறது. ஆனால் வகுப்புக்குள் போன பிறகு பக்கத்தில் யார் உட்காருவார் என்பதை எந்த அரசாணையும் சொல்ல முடியாது. அது உங்கள் கையில் இருக்கிறது.

முதல் வாரத்தில் எல்லாரும் கேட்பது மூன்று கேள்விகள். எந்த ஸ்கூல், எந்தக் கோச்சிங், நீட்டில் எவ்வளவு? நான் பதில் சொன்னதும் பேச்சு நின்றுவிடும். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பலர் ஒரே விடுதிப் பள்ளியில் படித்தவர்கள், ஒரே கோச்சிங் சென்டரில் ஒரு வருடம் சேர்ந்து கிடந்தவர்கள். வரும்போதே கூட்டமாக வருகிறார்கள். "நாலு நாலு பேரா சேர்ந்துக்குங்க" என்று நீங்கள் சொன்ன அந்த நொடியில் அவர்களுக்கு ஆள் தயாராக இருக்கிறது. எங்களுக்கு இல்லை. உடலை அறுத்துப் படிக்கும் டிசெக்‌ஷன் ஹாலில் எந்த டேபிளில் இடம் மிச்சமோ அங்கே போய் நின்றோம். கத்தி பிடிக்க எங்கள் முறை வருவதற்குள் வகுப்பு முடிந்துவிடும்.

அதற்குப் பிறகு நடப்பது வெளியே தெரியாது. ஆங்கிலத்தில் ஓடும் அரட்டைக்கு, மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துத் தாமதமாகச் சிரிப்போம். தனியாகத் தட்டோடு உட்காருவது கண்ணில் படக் கூடாதென்று மெஸ் மூடும் நேரத்தில் சாப்பிடப் போவோம். சனிக்கிழமை வந்தால் ஊருக்குப் பஸ் ஏறிவிடுவோம். நோட்ஸும் பழைய வைவா (வாய்மொழித் தேர்வு) கேள்விகளும் சுற்றுகிற வாட்ஸ்அப் குழு ஒன்று இருப்பதே இன்டர்னல் தேர்வு முடிந்த பிறகுதான் தெரியவரும். யாராவது நம்மைக் குறிப்பிடும்போது பெயர் வராது, "அந்த செவன் பாயிண்ட் ஃபைவ் பொண்ணு" என்று வரும். வைவாவில் விடை தெரிந்தும் வாய் திறக்காமல் நிற்பவர்களைப் படிக்காதவர்கள் என்று நீங்கள் முடிவு கட்டுகிறீர்கள். மூன்று மாதம் யாரோடும் பேசாத பிள்ளைக்குக் குரல் எங்கிருந்து வரும்?

எனக்கு முதல் தோழி கிடைத்தது ராஜஸ்தானிலிருந்து அகில இந்திய ஒதுக்கீட்டில் வந்த ஒருத்தி. வார்டு போஸ்டிங்கில் ஒரு பேராசிரியர் ரோல் நம்பர்படி ஆட்களைப் பிரித்தார், அவ்வளவுதான் காரணம். "கை கால் மதமதன்னு இருக்கு", "வயித்தப் பெரட்டுது" என்று நோயாளிகள் சொல்வது அவளுக்குப் புரியாது. நான் சொல்லிக் கொடுத்தேன். கேஸை எழுந்து நின்று ஆங்கிலத்தில் சொல்ல அவள் என்னைப் பழக்கினாள். தமிழ் தெரியாமல் அவளும் ஓராண்டு முழுக்க ஒதுங்கித்தான் இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரே வகுப்பில் இருந்தும் எங்களை யாரும் ஒரு டேபிளில் நிறுத்தவில்லை.

இதைப் படித்துவிட்டு, தமிழ்வழி மாணவர்கள் வார்டில் உதவுவார்கள், ஆகவே சேர்த்துக்கொள்ளலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எதற்கும் பயன்படாவிட்டாலும் ஒரு மாணவருக்கு அந்த வகுப்பில் இடம் உண்டு.

நான் கேட்பது செலவில்லாதது. டிசெக்‌ஷன் டேபிள், லேப், வார்டு எதுவானாலும் குழுவை நீங்களே பிரியுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். அறிமுகத்தில் நீட் மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள். யார் எந்த ஒதுக்கீடு என்ற பட்டியல் அலுவலகத்தைத் தாண்டி வெளியே வர வேண்டாம். ஆங்கிலப் பயிற்சி என்று எங்களை மட்டும் தனி அறையில் உட்கார வைத்தால், அந்த அறையே எங்கள் நெற்றியில் ஒட்டிய சீட்டாகிவிடும். எல்லாரையும் உட்கார வையுங்கள், வெளிமாநிலத்தவருக்குத் தமிழையும் அங்கேயே கற்றுக்கொடுங்கள். வைவாவில் தமிழில் தொடங்க விடுங்கள், ஆங்கிலம் பின்னால் வந்துவிடும்.

கலந்தாய்வு முடிந்து அடுத்த பேட்ச் வரும்போது எல்லா அறிவிப்புகளும் தயாராக இருக்கும். அவற்றோடு டேபிள் பட்டியலையும் முதல் நாளே ஒட்டிவிடுங்கள்.

நன்றியுடன்,
அரசுப் பள்ளியிலிருந்து வந்த ஒரு ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்)