கூரைச் சூரிய மின்னில் பணம் போட்ட குடும்பங்கள்: பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். யாழ்ப்பாணத்தில் வீட்டுக் கூரையில் சூரிய மின்தொகுதி பொருத்தியிருக்கும் பாவனையாளர்களுள் ஒருவனாக இம்மடலை எழுதுகிறேன். சோலர் சூழலுக்கு நல்லது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனாலும் எங்களில் பெரும்பாலானோர் அதைப் போட்டது ஒரு முதலீடாகவே. ஓய்வுபெறும்போது கையில் கிடைத்த பணத்தை நிலையான வைப்பில் இடுவதா, கூரையில் இடுவதா என்று வட்டியையும் அலகு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தே பலர் முடிவெடுத்தார்கள். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பிய பணமும் வங்கிக் கடனும் சேர்ந்துதான் இங்கே பல கூரைகளில் தகடுகள் ஏறின. இந்த முதலீட்டில் இழப்பு நேரும்போது அதை யார் சுமப்பது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

2016 செப்டெம்பரில் 'சூரிய பல சங்கிராமய' என்னும் கூரைச் சூரிய மின் திட்டம் தொடங்கப்பட்டபோது, நாட்டின் மின் வலையமைப்புக்கு வழங்கும் ஓர் அலகுக்கு முதல் ஏழு ஆண்டுகள் 22 ரூபாயும், எட்டாம் ஆண்டிலிருந்து இருபதாம் ஆண்டு வரை 15.50 ரூபாயும் தருவதாக ஒப்பந்தம் எழுதப்பட்டது. எங்கள் வெயிலில் 5 கிலோவாட் தொகுதி மாதத்துக்கு ஏறத்தாழ 600 அலகு தரும். உற்பத்தி முழுவதையும் விற்கும் ஒரு வீட்டுக்கு அது முதலில் 13,200 ரூபாய். எட்டாம் ஆண்டில் 9,300 ரூபாய். இந்த இறக்கம் தெரிந்தே கையெழுத்திட்டோம், அதில் எங்களுக்கு முறைப்பாடு இல்லை. ஆனால் இடையில் வந்த 2022ஆம் ஆண்டை எவரும் கணக்கில் எடுத்திருக்கவில்லை. ரூபாய் சரிந்தது, அவ்வாண்டு ஏப்ரலில் மத்திய வங்கி, வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது, மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்களின் தவணை ஏறியது. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் கூட்டப்பட்டது. எங்கள் 22 ரூபாய் மட்டும் 22 ரூபாயாகவே நின்றது. தகடுகளின் மின்னை வீட்டுக்கேற்ற மின்னாக மாற்றும் இன்வேட்டர் பொதுவாகப் பத்து ஆண்டுகளை ஒட்டிப் பழுதடைவது. அது இறக்குமதிப் பொருள் என்பதால் அதன் விலையை டொலர்தான் தீர்மானிக்கிறது. அலகு விலை 15.50க்கு இறங்கிய பின்னரே அந்தச் செலவு வந்து சேருகிறது. 2017இல் சோலர் போட்ட வீடுகள் இப்போது அந்தக் கட்டத்தில் நிற்கின்றன.

பின்னர் வந்தவர்களுக்கான விலையோ 37 ரூபாய்க்கு ஏறி, 27 ரூபாயை ஒட்டி இறங்கி, 2025இல் 5 கிலோவாட் வரையான தொகுதிகளுக்கு 20.90 ரூபாயாயிற்று. தகடுகளின் விலை குறையும்போது கொள்வனவு விலையும் குறைவது நியாயமே. சோலர் இல்லாத அயல்வீட்டார், மலிவாகிவிட்ட மின்னுக்குக் கூடிய விலையை ஏன் சுமக்க வேண்டும்? ஆனால் மாற்றம் எப்போது வரும், எந்த அடிப்படையில் வரும் என்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் கடன் எடுப்பவர் நிதானமாக முடிவெடுக்க முடியும். விலை குறையப் போகிறது என்ற செய்தி பரவியதும் அவசர அவசரமாகக் கையெழுத்திட்டுத் தரமற்ற பொருத்துதலில் மாட்டிக்கொள்வது சாதாரண வீட்டுக்காரர்தான்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது 2025 ஏப்ரலில் நடந்தது. அவ்வாண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடு முழுவதும் மின்தடைப்பட்டது. மீண்டும் அப்படி நேரக்கூடாதென்று, மின் தேவை குறையும் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை பிற்பகல் மூன்று மணி வரைக்கும் கூரைத் தொகுதிகளைத் தாமாக நிறுத்திவைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. காரணம் விளங்குகிறது. ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்ட கூரை மின் நண்பகலில் உச்சத்தை எட்டுகிறது. நுரைச்சோலை போன்ற நிலக்கரி நிலையத்தை மதியத்தில் நிறுத்தி மாலையில் எழுப்ப இயலாது. வலையமைப்பின் உறுதிக்குச் சுழலும் பெரிய இயந்திரங்களும் தேவை. ஆகவே நிறுத்தச் சொன்னதைக் குறை கூறவில்லை. ஆனால் சொல்லைக் கேட்டு ஆளியை இறக்கிய வீட்டின் இழப்பு எந்த ஏட்டிலும் ஏறவில்லை. 22 ரூபாய்க்கு விற்கும் 5 கிலோவாட் வீட்டுக்கு அந்த ஒன்பது நாட்களில் ஏறத்தாழ 3,000 ரூபாய் போயிருக்கும். தொகை சிறிது. எனினும் கூரை மின் கூடக் கூட இத்தகைய நாட்கள் விடுமுறைகளோடு நிற்கப்போவதில்லை. பொறுப்போடு நடந்தவர் நட்டப்பட, கேளாதிருந்தவர் முழு வருமானத்தையும் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு நீடித்தால் அடுத்த முறை எவர் ஆளியை இறக்குவார்?

ஆகையால், நிறுத்துமாறு கேட்கப்படும் நேரத்துக்குரிய அலகுகளை அத்தொகுதியின் முந்தைய மாத உற்பத்தியைக் கொண்டு கணித்து, ஒப்பந்த விலையிலோ அதன் ஒரு பங்கிலோ ஈடுசெய்யும் விதியை ஆணைக்குழு வகுக்க வேண்டும். ஆண்டுக்கு இத்தனை மணித்தியாலம் வரை ஈடின்றி நிறுத்தலாம் என்று புதிய ஒப்பந்தங்களில் எழுதினாலும் ஏற்கத்தக்கதே. கையெழுத்திடுமுன் அது தெரிந்திருந்தால் போதும்.

பகல் மின்னைச் சேமித்து மாலை 6.30 முதல் 10.30 வரையான உச்ச வேளையில் தரும் பற்றரிகளுக்குக் கூடிய விலை கொடுக்கும் வழி, 2016 முதல் இணைந்த பழைய ஒப்பந்தக்காரருக்கும், அவர்களின் எஞ்சிய உரிமைகளைப் பறிக்காமல், திறக்கப்பட வேண்டும். பற்றரிக் கடனை அடைத்து முடிக்கும் காலம்வரை அவ்விலை மாறாதென்ற உறுதியும் வேண்டும். அத்துடன், 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டத்தின்கீழ் மின்சார சபையின் பணிகளைப் பல நிறுவனங்களாகப் பிரிக்க வழிசெய்யப்பட்டிருப்பதால், இருபது ஆண்டு ஒப்பந்தங்களின் கொடுப்பனவுக்கு எந்த நிறுவனம் பொறுப்பு என்பதைப் பாவனையாளர் ஒவ்வொருவருக்கும் எழுத்தில், அவரவர் மொழியில் அறிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த கட்டண மீளாய்வுக்கான கலந்தாய்வுப் பத்திரத்தில் இவ்விடயங்களைச் சேர்த்து, வடக்கிலும் ஓர் அமர்வை நடத்தினால், எங்கள் மின்பட்டியல்களோடும் கடன் ஆவணங்களோடும் வந்து விளக்கமளிக்க ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மின் பாவனையாளர்