வெள்ளிக் கலர் கதவும் நீ கேட்ட தேதியும்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய போட்டோவைக் காலையில்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். கதவு ஒரு கலர், முன் மட்கார்டு ஒரு கலர். "கம்பெனி கலர் கோடு நம்பர் பார்த்துத்தானே கலந்தேன், அப்புறம் ஏன்மா இப்படி?" என்று கீழே எழுதியிருந்தாய். அதற்கும் கீழே, "கஸ்டமரிடம் எத்தனை நாள் சொல்லட்டும்?" என்று இன்னொரு கேள்வி. போனில் சொன்னால் பாதி உன் கம்ப்ரஸர் சத்தத்திலேயே போய்விடும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சொந்தப் பட்டறையில் முதல் வண்டியே வெள்ளிக் கலராக வந்தது உன் தலையெழுத்து. சாதா வெள்ளையாக இருந்திருந்தால் தப்பித்திருப்பாய். வெள்ளிப் பெயிண்டில் மினுங்குவது அலுமினியச் செதில்கள், கண்ணுக்குத் தெரியாத சின்னத் தகடுகள். அவை படுக்கிற விதத்தைப் பொறுத்துத்தான் கலர். ஸ்பிரே கன்னைத் தள்ளிப் பிடித்து, காற்றழுத்தத்தைக் கூட்டி, தூவின மாதிரி அடித்தால் நேரே பார்க்க வெளுத்துத் தெரியும். கிட்டப் பிடித்து ஈரமாக அடித்தால் கறுத்துத் தெரியும். டப்பாவில் இருப்பது என்னவோ ஒரே பெயிண்ட்தான். உன் கதவு வெளுத்திருக்கிறது. சீக்கிரம் காயட்டும் என்று காற்றைத் திருகி ஏற்றி வைத்து மெல்லிசாக அடித்திருக்கிறாய். இல்லை என்று சொல்லாதே, உன் கை எனக்குத் தெரியும்.

கலர் கோடு என்பது ஊர் பெயர் மாதிரி. வீட்டு விலாசத்தை நீதான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே கோடில் கொஞ்சம் மஞ்சளடித்தது, கொஞ்சம் நீலமடித்தது என்று பல சாயல் வரும். அதற்கு மேல், அந்த வண்டி எத்தனை வருஷம் வெயிலில் நின்றது என்பது கோடுக்கு எப்படித் தெரியும்?

19 வருஷம் பெயிண்ட் கலக்கும் அந்தத் தராசு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் தராசு அது. மின்விசிறிக் காற்று பட்டாலே எண் ஆடும், அதற்காகவே கோடையிலும் விசிறியை அணைத்துவிட்டுக் கலப்பேன். கறுப்பு ஒரு சொட்டு கூடிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. மற்ற எல்லாவற்றையும் அந்தக் கணக்குக்கு ஏற்றிக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் கொட்ட வேண்டும். இதையெல்லாம் நீ பார்த்துத்தான் வளர்ந்தாய். ஆனால் கலந்தபிறகு நான் செய்வதை நீ சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். நான் டப்பாவைப் பார்த்துக் கலர் சொன்னதே கிடையாது. ஒரு அட்டையில் அடிக்கச் சொல்வேன், வண்டியில் எந்தக் காற்றில் எந்தத் தூரத்தில் அடிக்கப் போகிறோமோ அப்படியே. அதன்மேல் பளபளப்புக்குப் போடும் நிறமில்லாத கிளியரும் விழ வேண்டும். கிளியர் போடாத பேஸ், அதாவது அடியில் இருக்கும் கலர்ப் பூச்சு, வேறு கலர், போட்டது வேறு கலர். காய்ந்ததும் அட்டையை எடுத்துக்கொண்டு வெளியே வெயிலுக்குப் போய், வண்டிமேல் வைத்து, ஒரு தடவை நேரே, ஒரு தடவை குனிந்து பக்கவாட்டில் பார்ப்பேன். டியூப்லைட்டில் அண்ணன் தம்பியாக இருக்கும் இரண்டு கலர் வெயிலில் அந்நியமாகிவிடும். இதற்கெல்லாம் ஒரு மணி நேரம் போகும். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நீ மிச்சம் பிடித்திருக்கிறாய்.

அட்டை சரியாக வந்தாலும் வெள்ளியில் கதவை மட்டும் அடித்து நிறுத்தாதே. கதவை முழுசாக அடி. பேஸை மட்கார்டு பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து விடு. பிறகு மட்கார்டு முழுவதற்கும் கிளியர் போடு. கலர் எங்கே மாறுகிறது என்று கண்ணுக்குப் பிடிபடக் கூடாது. அடிபடாத மட்கார்டை ஏன் தொட்டாய் என்று வண்டிக்காரர் கேட்பார். கேட்ட பிறகு விளக்கம் சொன்னால் அது சமாளிப்பு. எஸ்டிமேட்டிலேயே எழுதிக் காட்டிவிட்டால் அது வேலை.

இனி உன் இரண்டாவது கேள்வி. இதற்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாய், உனக்கு ஞாபகம் இருக்காது.

ஒருவர் புதன்கிழமை காலையில் பின்கதவு நசுங்கின வண்டியோடு வந்தார். வெள்ளிக்கிழமை வெளியூர் போக வேண்டும், முடியுமா என்றார். அப்பா உள்ளே வேலையாக இருந்தார். கவுன்ட்டரில் இருந்த நான், முடியும் என்று சொல்லிவிட்டேன். மனுஷன் நல்லவர், முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல வரவில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் வேலையை ஆரம்பித்தார். மத்தியானம் பள்ளத்தில் பட்டி போட்டுத் தேய்த்து, இருட்டுவதற்குள் கலருக்கு அடியில் போகும் சர்ஃபேசர் பூச்சு அடித்து, மறுநாள் காலையில் அதைத் தேய்த்து பேஸ், கிளியர். வெள்ளிக்கிழமை வண்டி கண்ணாடி மாதிரி போனது. எனக்குப் பெருமை.

மூன்றாவது வாரம் அவர் திரும்ப வந்தார். சண்டைக்கு வரவில்லை, அதுதான் இன்னும் கஷ்டம். காலை வெயில் சாய்வாக விழும் பக்கம் வண்டியை நிறுத்தி, "இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்றார். பின்கதவு நடுவில், தண்ணீர் காய்ந்த கறை போல, பட்டி போட்ட இடத்தின் ஓரம் அப்படியே வரைந்திருந்தது. அதற்குள்ளே எமரி பேப்பர் இழுத்த கோடுகள்கூடத் தெரிந்தன. சர்ஃபேசருக்குள் இருந்த தின்னர் முழுசாக வெளியேறுவதற்குள் மேலே மூடி விட்டோம். மூடினாலும் அது உள்ளேயே இருக்குமா? மெதுவாக வெளியேறிக்கொண்டே இருந்தது, அது போகப் போக அடியில் இருந்த பூச்சு சுருங்கி இறங்கியது, மேலே இருந்த கிளியரும் கூடவே இறங்கியது. கதவு முழுவதையும் சுரண்டி, முதலிலிருந்து, காசில்லாமல் செய்து கொடுத்தோம். அந்த வாரம் அப்பா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. தப்பு அவர் கன்னில் இல்லை, என் வாயில் இருந்தது.

அதற்கப்புறம் வண்டிக்காரர் முகத்தைப் பார்த்துத் தேதி சொல்வதை விட்டுவிட்டேன். வேலைச்சீட்டில் தேய்க்கிற நேரம், அடிக்கிற நேரம் எழுதுகிற மாதிரியே காய்கிற நேரத்துக்கும் தனி வரி போட்டேன். அந்த வரிக்குக் காசும் போட்டேன். வண்டி காய்ந்துகொண்டு நிற்கும்போது அந்த இடத்தில் வேறு வண்டியை நிறுத்த முடியாது அல்லவா, அதுவும் வாடகைதானே. புதிதாகக் கடை போடுகிறவர்கள் பெயிண்டுக்குக் கணக்குப் போடுவார்கள், கைக்கூலிக்குப் போடுவார்கள், இதை மட்டும் சும்மா கொடுத்துவிடுவார்கள். வருஷக் கடைசியில் எங்கே ஓட்டை என்று தேடுவார்கள்.

நாள் கணக்கை எப்படிப் போடுவது? ஒவ்வொரு டப்பாவோடும் கம்பெனி கொடுக்கும் தாளைப் படி. உன் கைப்பழக்கத்தைவிட அது நம்பகமானது. அதில் 60 டிகிரியில் 30 நிமிஷம் என்று இருந்தால், அது பெயிண்ட் அடிக்கிற மூடின அறையான பூத்தில் இருக்கும் காற்றின் சூடு இல்லை, வண்டித் தகட்டின் சூடு. காற்று சீக்கிரம் 60ஐத் தொட்டுவிடும், தகடு மெதுவாகத்தான் வரும். தகடு வந்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு கோட் கிளியருக்கு நடுவில் விடச் சொல்லும் நிமிஷங்களையும் விடு. ஓரத்தில் ஒட்டின பேப்பரில் விழுந்த கிளியரை விரலால் தொட்டுப் பார், நூல் மாதிரி இழுக்கக் கூடாது. அதற்கு முன்னால் அடுத்ததை அடித்தால் மேல்தோல் மூடிக்கொள்ளும், உள்ளே இருக்கிற தின்னர் குத்திக்கொண்டு வெளியே வரும், ஊசி குத்தின மாதிரி புள்ளி புள்ளியாக நிற்கும்.

பட்டியில் ஹார்டனர் நூறு கிராமுக்கு இரண்டு கிராம்தான். வேகமாக இறுகட்டும் என்று கூட்டிப் போடாதே. கூட்டினால் அது பெயிண்ட் வழியாகக் கறையாக மேலே ஏறி வரும், வெளிர் கலரில் நன்றாகவே தெரியும். பட்டியைச் சப்பாத்திமாவு மாதிரி அடித்துப் பிசையாதே, காற்றுக் குமிழி சேரும். அழுத்தி மடித்துக் கல.

இந்த அவசரம் இன்றைக்கு வந்ததில்லை, தெரியுமா? வயசான பெயிண்டர்கள் டூக்கோ, டூக்கோ என்பார்களே, அது 1923இல் வந்த ஒரு பெயிண்டின் பெயர். அதற்கு முன்னால் கார்களுக்கு வார்னிஷ் பூசிக் காயவைப்பதற்கே வாரக்கணக்கில் ஆகுமாம். அது வந்ததும் நாள் கணக்காகக் குறைந்தது. அன்றிலிருந்து எல்லாருக்கும் நாளைக்கே வேண்டும்.

சரி, இனிமேல் எழுதப் போவதை இரண்டு தடவை படி.

கிளியரை இறுக வைக்க அதோடு கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அப்பாவின் மூச்சைக் கெடுத்தது அதுதான். பாவம், கவனமில்லாதவர் இல்லை, மாஸ்க் போட்டுத்தான் அடிப்பார். கரி வைத்த மாஸ்க். அந்தக் கரி எப்போது நிரம்பி வேலை செய்யாமல் போகும் என்று மூக்குக்குத் தெரியாது, ஏனென்றால் ஐசோசயனேட்டை வாசனையில் கண்டுபிடிக்க முடியாது. வாசனை வருவது தின்னரிலிருந்து. அதைவிட மோசம் அவருடைய ஒரு பழக்கம். கடைசி கோட் அடித்து முடித்த நிமிஷமே மாஸ்க்கை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, குனிந்து, கிளியர் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்ப்பார். அந்த முகத்தை நான் கண்ணாடிக்கு வெளியே நின்று எத்தனையோ தடவை ரசித்திருக்கிறேன். பூத்தில் புகை எதுவும் தெரியாது, காற்று சுத்தமாக இருப்பது போலத்தான் இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத தூவல் வெளியேறச் சில நிமிஷங்கள் ஆகும். அந்தச் சில நிமிஷத்தை அவர் கொடுக்கவில்லை.

முதலில் ராத்திரி இருமல்தான் வந்தது. தூசி என்றோம். டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "லீவு நாளில் குறைகிறதா?" குறைந்தது. வேலைக்குப் போனதும் திரும்ப வந்தது. ஒரு தடவை உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொண்டுவிட்டால் அப்புறம் துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். அன்றைக்குப் பூத்தை விட்டு வெளியே வந்தவர்தான். கையால் தடவிப் பார்த்தே பள்ளம் சொல்கிற மனுஷன், இன்று பட்டறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

நீ வெளியிலிருந்து குழாய் வழியாக நல்ல காற்று வரும் மாஸ்க் வாங்கு. வேறு எதை வாங்குவதற்கும் முன்னால் அதை வாங்கு. கையுறை போடு, தோல் வழியாகவும் அது வேலை காட்டும். பூத் சுத்தமாக எத்தனை நிமிஷம் ஆகிறது என்று அளந்து கதவில் பெரிதாக எழுதி ஒட்டு. உன்னிடம் வேலை பார்க்கும் பையனுக்கும் அதே மாஸ்க். அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள்.

மற்றதெல்லாம் உனக்கே தெரியும். டயர் பாலிஷ், டேஷ்போர்டு பாலிஷ் இரண்டையும் பட்டறைக்குள் விடாதே. அதில் இருக்கும் சிலிகான் துளி பறந்து பட்டாலும் பெயிண்ட் மீன்கண் மாதிரி விலகி நிற்கும். ரேடார் இருக்கிற பம்பரில் பட்டி போடுவதற்கு முன்னால் வண்டிக் கம்பெனி என்ன சொல்லியிருக்கிறது என்று பார். கதவுக்கு நடுவே வருகிற தூணைச் சூடு காட்டி நிமிர்த்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, இப்போது வருகிற உறுதியான இரும்பு சூட்டில் பலம் இழந்துவிடும். உன் டிங்கர் அண்ணனுக்கு நீ சுத்தியல் பிடிக்கக் கற்றுக்கொடுக்காதே. அவர் எவ்வளவு நிமிர்த்துகிறாரோ அவ்வளவுக்கு உனக்குப் பட்டி மிச்சம். அவரை அவசரப்படுத்தினால் அதையும் நீதான் பட்டியில் தின்பாய்.

இப்போது அந்தக் கதவை என்ன செய்வது? வண்டிக்காரருக்கு இன்றைக்கே போன் பண்ணு. கலர் சேரவில்லை, திரும்ப அடிக்கிறேன், இன்னும் நான்கு நாள் வேண்டும் என்று சொல். வண்டியை வாங்கிப் போகும்போது அவரே கண்டுபிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல். கிளியர் நன்றாக இறுகட்டும். அப்புறம் கதவை 600 நம்பர் எமரி பேப்பரில் தேய்த்து, மட்கார்டை இன்னும் நைசாகத் தேய்த்து, நான் சொன்னபடி கரைத்து அடி. முதலில் அட்டை.

என் பழைய அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வெள்ளி மட்டும் 40க்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் என்ன கலந்தேன், எந்தக் காற்றழுத்தத்தில் அப்பா அடித்தார் என்று எழுதியிருக்கிறது. சிலதில் அப்பா கையெழுத்து, கோழி கிறுக்கல், புரியாவிட்டால் போட்டோ எடுத்து அனுப்பு.

இதை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தானும் எழுதவா என்றால் வேண்டாம் என்கிறார். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கச் சொன்னார்: கம்ப்ரஸர் டேங்கில் தண்ணீரைத் தினமும் சாயங்காலம் வடிக்கிறாயா?

அன்புடன்,
அம்மா