சலப் போத்தல் சுமந்த டொக்டருக்கு

அன்புள்ள டொக்டர்,

'பிள்ளை' என்றுதான் எழுத வந்தது. நீங்கள் பேராசிரியராகிவிட்டதாகப் போன கிழமை வெள்ளவத்தைச் சந்தையில் உங்கள் அம்மா சொன்னதில் இருந்து கை கொஞ்சம் தயங்குகிறது. மெத்தச் சந்தோஷம்.

சிறுநீரக ஆராய்ச்சிக்காக ஐஸ் பெட்டியும் கையுமாக எங்கள் லாப்புக்கு வந்து நிற்பீர்களே, அதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. பாம்பு கடித்தவர், களைகொல்லி குடித்தவர், ஒவ்வொருவருடைய சலமும் நாலு மணித்தியாலத்துக்கு ஒரு குழாய், எல்லாவற்றிலும் நேரம் குறித்திருக்கும். "இரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்தால் போதாதா, ஏன் இவ்வளவு போத்தல்?" என்று சிடுசிடுத்தவன் நான்தான். நீங்கள் நின்ற நிலையிலேயே விளக்கினீர்கள். கிரியேட்டினின் என்ற கழிவு தசையில் இருந்து வருகிறது, சிறுநீரகம் அடிபட்ட உடனே அது ஏறாது, ஒன்றிரண்டு நாள் போய்த்தான் காட்டும், மெலிந்த கமக்காரருக்கு அதுவும் சரியாகக் காட்டாது, ஆனால் கிம்-1 மாதிரியான புரதங்களைக் காயம்பட்ட கலங்கள் முன்னாடியே சலத்தில் விட்டுவிடும் என்று. இருபது வருஷமாய் நான் அளந்து கொடுத்தது பழைய செய்தி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்சம் கோபமும் வந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

பரகுவாட் என்ற களைகொல்லி 2008இல் தொடங்கிப் படிப்படியாகத் தடையாகி 2011இல் முற்றாகப் போனது, சரி. அதனால் நச்சு போய்விடவில்லையே. சிங்களவர் குணகட்டுவா என்கிற சின்ன விரியன் கடித்தும் சிறுநீரகம் போகிறது. இந்தியாவில் இருந்து வரும் விஷமுறிவு மருந்து நாகம், எண்ணெய் விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை என்ற நாலுக்கும்தான், இதற்கு இல்லை. தெற்குப் பக்கம் உடுப்புத் தோய்க்கும் பொடியைக் குடித்து வந்த பிள்ளைகளின் சலத்தையும் ஒருகாலம் பார்த்தோம். ஒரு பைக்கற்றில் ஒக்சாலிக் அமிலம், மற்றதில் பொட்டாசியம் பெர்மங்கனேற்று. நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தால் சின்னச் சின்னத் தபால் உறைகள் மாதிரி ஒக்சலேற்றுப் பளிங்குகள் சிதறிக் கிடக்கும். பார்க்க நல்ல வடிவு, அதுதான் கொடுமை.

அதே பளிங்கை மறுபடியும் கேள்விப்பட்டது என் அக்கா வீட்டில். மச்சானுக்குச் சீனி வருத்தம். யாரோ சொன்னார்களாம், காமரங்காச் சாறு வெறும் வயிற்றில் குடித்தால் சீனி இறங்குமென்று. வளவில் மரம் நிற்கிறது, காசும் செலவில்லை, ஒரு பெரிய கிளாஸ் மடமடவென்று. மூன்றாம் நாள் வாந்தி, சலம் போவது குறைந்துவிட்டது. பார்த்த இடத்தில் மாத்திரைகளை எல்லாம் விசாரித்தார்கள், என்ன குடித்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. பயொப்சி ரிப்போர்ட்டில் ஒக்சலேற்று என்று கண்ட பிறகுதான் அக்கா சாற்றைப் பற்றி வாய் திறந்தாள். நாலு முறை டயலிசிஸ் செய்து பிழைத்துக்கொண்டார். ஏற்கெனவே சிறுநீரகம் பழுதானவர் அந்தப் பழத்தைத் தின்றால் விக்கல் தொடங்கி, மயங்கி, வலிப்பு வரைக்கும் போகும் என்று நீங்கள் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். கேட்டிருந்தும் என் அக்காவுக்குச் சொல்லவில்லை, அது என் பிழை.

உங்கள் பிழையையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். நீங்கள் எழுதியது எல்லாம் இங்கிலீஷில் இருக்கிறது. பதவி உயர்வுக்கு அதைத்தான் எண்ணுவார்கள், தெரியும். இப்போது எண்ணி முடித்துவிட்டார்கள்தானே? தமிழில் ஒரே ஒரு பக்கம் எழுதித் தாருங்கள், காமரங்கா, பிலிம்பிச் சாறு, நோவுக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரை, பெயர் தெரியாத வேர்க் கசாயம், இவ்வளவும் போதும். போட்டோகொப்பி அடித்து ஒழுங்கை ஒழுங்கையாய்க் கொடுப்பது என் பொறுப்பு, பென்சன்காரனுக்கு வேறு என்ன வேலை.

மரம் இந்த வருஷமும் காய்த்துக் கொட்டுகிறது. வெட்டச் சொன்னேன். அணில் தின்னட்டும், அதுக்கு என்ன சீனி வருத்தமா என்கிறாள் அக்கா.

அன்புடன்,
லாப் அங்கிள்